இருபத்துமூன்றாம் இலக்கம்

பரந்தனில் மீனுக்குப் போடுகிற ஐஸ்தான் கிடைத்தது.
கடன் வாங்கிய றிஜிபோம் பெட்டிக்குள்
நாற்பது வத்தகைக் கொடிகளின் தளிரைப்
பை பையாய்ப் புதைத்துக்கொண்டு
அறிவியல்நகர் வந்து சேர்ந்தோம்.
இலை அரைத்த அன்று ஆய்வுகூடம் முழுக்கச்
சூடைமீன் வாசம்.

நாற்பது கொடி, நாற்பது பெயர்.
விசுவமடுவில் ஒருவர் தன்னுடையதை
வரிக்குதிரை என்றார்.
முழங்காவிலில் கல்லுக்கறுவல்.
மல்லாவிப் புவிநாயகம் நொத்தாரிசு மாதிரி நிமிர்ந்திருந்து
'எழுதுங்கோ, இது எங்கட பரம்பரைக் கொட்டை' என்றார்.
எழுதினேன்.
படிவத்தில் பரம்பரைக்கு இரண்டு அங்குல இடம் இருந்தது.

மின்சாரம் போனது. ஜெனரேற்றர் இருமியது. பிறகு
ஊதா வெளிச்சத்தின் கீழ் ஜெல் தகட்டில்
கோடுகள் எழுந்தன, மின்மினிகளை
வரிசையில் நிற்பாட்டியதுபோல.
கோடு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம்.
யசோதினி வாசிக்க நான் பதிந்தேன்:
ஒன்று ஒன்று பூச்சியம் ஒன்று
ஒன்று ஒன்று பூச்சியம் ஒன்று
ஒன்று ஒன்று
'அதே கிணற்றுக்குள்ளயே வாளி விடுறமோ?' என்றாள்.

கணினி ஒரு மரம் வரைந்தது, பக்கவாட்டில் சரிந்த மரம்.
முப்பத்தாறு பெயரும் ஒரே கொப்பில்.
வரிக்குதிரையும் கல்லுக்கறுவலும் பரம்பரையும்
ஒரு தாய்ப் பிள்ளைகள்கூட இல்லை,
ஒரே பிள்ளை.
மீளக் குடியேறிய வருடம்
தறப்பாளோடும் மண்வெட்டியோடும்
லொறியால் இறக்கிய அதே வெள்ளிப் பக்கற்று.

புவிநாயகத்துக்கு யார் சொல்வது?
பத்துப் போகம் அவர்
நல்ல காயைப் பார்த்து வெட்டி,
கழுவி, சாம்பல் பிரட்டி,
எலிக்குத் தப்பவைத்த கொட்டை அது.
நான் சொல்லவில்லை.

மூன்று கொடி சற்றே விலகி நின்றன.
தாளின் அடியில், எல்லோரையும் விட்டு,
நீளக் கோடொன்றின் நுனியில் இருபத்துமூன்று.

குமுழமுனை, தவமலர், வாழைப்பாத்தி ஓரம்.
தேங்காயளவு காய். கத்தி வழுக்கும் தோல்.
உள்ளே பலமுறை தோய்த்த சிவப்புச் சீலையின் நிறம்.
இனிப்புமானி ஆறு காட்டியது;
கடைக்காரன் பத்துக்குக் கீழே தொடமாட்டான்.
'கொட்டை எங்கால எடுத்தனீங்கள்?'
'எடுக்கேல்ல. நாங்கள் திரும்பி வரேக்குள்ள நிண்டது.'
சந்தை, அயலவர், திணைக்களம், சொந்தம்:
நாலு பெட்டியில் ஒன்றிலும் புள்ளடி விழவில்லை.
ஓரத்தில் 'நின்றது' என்று எழுதிவைத்தேன்.
பேராசிரியர் அதைச் சிவப்பால் சுழித்தார்.

பனடோல் பெட்டிக்குள் பதினொரு கொட்டை தந்தாள்.
மிச்சத்தைப் பெடியள் வறுத்துத் தின்றுவிட்டார்களாம்.

வாடல்நோய்ப் பூஞ்சணம் கலந்த நீரை
நாற்பது சட்டிக்கும் அளந்து ஊற்றினோம்.
பன்னிரண்டாம் நாள் காலை
சந்தைச் சிவப்பு மடக்கிய குடையாய்க் கிடந்தது.
ஒவ்வொரு சட்டியாய் 'செத்தது' என்று பதிந்துகொண்டு போய்
இருபத்துமூன்றில் பேனை நின்றது.
ஒரேயொரு இலை மஞ்சள்.
இந்தமுறை பேராசிரியரே எழுதினார்,
என் சொல்லைத்தான்.

பின்னேரம் பெண்பூவுக்குக் கடதாசிப் பை,
விடிய ஆறு மணிக்கு, தேனீக்கு முன்னால்,
இருபத்துமூன்றின் மகரந்தம்.
காய்த்தது பன்னிரண்டு. முள்ளம்பன்றிக்கு நாலு.
வெட்டினோம்: எட்டு.
'போதாது. திரும்பவும் சிவப்போட சேருங்கோ.'
சேர்க்கச் சேர்க்க ஒவ்வொரு தரமும்
அவளுடையதில் பாதி போகும்.
முதலில் அந்தத் தோல், பிறகு வெளிறல், ஆறு என்ற எண்,
கடைசியில் நிற்கிற குணம் மட்டும்
இன்னொரு பழத்துக்குள் மிஞ்ச வேண்டும்.
அதற்கு அவள் பெயர் இராது.
ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும்.

நேற்றுத் தவமலர் போன் எடுத்தாள்.
'என்ர பழம் பாஸோ?'
'இனிப்பில பெயில் அக்கா.'
'அது எனக்கும் தெரியும்' என்று சிரித்தாள்.
'அந்த ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து தாங்கோ,
மீன்காரன் நெடுகக் கேக்கிறான்.'